பாடும் பாறைகள்

பாறையைத் தட்டி அதன் ஒலியைக் கேட்டறிவது சுரங்கத் தொழிலின் மிகப் பழைய பரிசோதனையாகும். வெடி வைத்த இடத்திற்குள் புகும் தொழிலாளி, தலைக்கு மேலுள்ள பாறையைக் கடப்பாறையால் தட்டிப் பார்ப்பான். ‘கணீர்’ என்று ஒலித்தால் பாறை உறுதியானது. கீறல் விழுந்த பானையைப் போல் மழுங்கிய ஓசை எழுந்தால், பாறை பிளந்து விழக் காத்திருக்கிறது என்பது பொருள். தமிழகத்திலிருந்து குடியேறிய தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அத்தகைய ஆழத்தில் பாறையின் குரல் உயிர் காக்கும் குரலாகும்.

அதே குரலை இசையாகக் கேட்டவர்களும் உண்டு. பல்லாரி நகருக்கு அருகே குப்கல் என்னும் ஊரின் குன்றில் டோலரைட் எனும் கரும்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றைக் கருங்கல்லால் தட்டினால் வெண்கல மணியையொத்த ஆழ்ந்த நாதம் எழுகிறது. மீண்டும் மீண்டும் தட்டியதால் அவற்றில் குழிகளும் தேய்ந்துள்ளன. 1892இல் இக்குன்றின் பாறைச் செதுக்கோவியங்களைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. பின்னர் ஏறத்தாழ மறக்கப்பட்ட இவ்விடத்தை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோல் பாய்வின் ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார். புதிய கற்கால மக்கள் இப்பாறைகளைச் சடங்குகளில் முழக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து.

எல்லாக் கல்லும் பாடாதது ஏன்? டோலரைட்டில் நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியுள்ளன. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, இத்தகைய பாறையில் ஏறக்குறைய 6,000 மீட்டர் பாய்கிறது. கல்லின் உள்ளே வெடிப்பு இருப்பின் அதிர்வின் ஆற்றல் அங்கே உராய்வினால் வெப்பமாக மாறி அழிந்துவிடும். மண்ணில் புதைந்த கல்லும் ஒலிக்காது. குறையற்ற கல், சில முனைகளில் மட்டும் ஊன்றி நிற்குமாயின் தடையின்றி அதிர்ந்து பாடும்.

சிற்பியர் இவ்வியல்பை நன்கு அறிந்திருந்தனர். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்கள் உள்ளே துளையுள்ளவை எனப் பலர் நம்பி வந்தனர். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் மகாமண்டபத்தின் 11 தூண்களைச் சேதமின்றி, செவிக்கெட்டாத ஒலியலைகள் முதலியவற்றால் சோதித்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். தூண்களின் தண்டுகள் திண்மையானவை. விரலால் தட்டியதும் அவை வளைந்து வளைந்து அதிர்வதாலேயே சுரம் பிறக்கிறது என்பது தெளிவாயிற்று. தண்டு நீண்டால் சுரம் தாழும், தடித்தால் உயரும்.

கல்லிசை நமக்கு மட்டும் உரியதன்று. வியட்நாமில் 1949இல் பழங்காலத்துக் கல்லிசைக் கருவியொன்று கண்டெடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஜோசப் ரிச்சர்ட்சன் என்பார் மலைக்கற்களைச் செதுக்கி அமைத்த கருவி, 1848இல் விக்டோரியா அரசியின் முன் வாசிக்கப்பட்டது. கெஸ்விக் நகரின் அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

தங்கவயலில் பாறையைச் செவிமடுக்கும் கலை கருவிகளின் கைக்கு மாறியது. திடீரெனச் சிதறிப் பலரைப் பலிகொண்ட பாறை வெடிப்புகளை ஆராய, நுண்ணிய அதிர்வுகளைப் பதியும் கருவிகள் அமைக்கப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கே தோன்றியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

குப்கல் குன்றுக்கோ வேறொரு அபாயம் நேர்ந்தது. கட்டடக் கற்களுக்காக அங்கே பாறைகள் உடைக்கப்படுவதை 2004ஆம் ஆண்டின் ஆய்வே எச்சரித்தது. உடைந்த வீணையை மீண்டும் செய்யலாம். நரம்பைப் புதிதாகக் கட்டலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஒலித்த பாறை ஒருமுறை பிளந்தால், அதன் சுரம் மீளாது.