வெண்முட் கள்ளியும் அதன் கூழாங்கல் மேடும்

கள்ளி என்றவுடன் நம் சங்க அங்கத்தினர்களுக்குத் தோட்டத்து வேலியே நினைவுக்கு வரும். அவ்வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறொரு குடும்பத்தவை. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிக் கடல் கடந்து வந்து பரவியது. அதன் குடும்பத்திலேயே பிறந்து, சொந்த மண்ணை விட்டு நகராத சிறு கள்ளி ஒன்றைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறோம். பருத்தியோடு அதற்கு ஒரு தொடர்பும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், வடகிழக்குப் பகுதியில், ஹோல்புரூக், ஜோசப் சிட்டி என்னும் சிற்றூர்கள் உள்ளன. கடல் மட்டத்திற்கு 5,000 அடிக்கு மேற்பட்ட வறண்ட பீடபூமி அது. ஆண்டு மழை ஏறக்குறைய 8 அங்குலம். கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் நீர் உறையும் பனி. அங்குள்ள கூழாங்கல் பரவிய தாழ்ந்த மேடுகளே இக்கள்ளியின் இருப்பிடம். பெடியோகாக்டஸ் பீபிள்சியானஸ் என்பது அதன் நூற்பெயர். நெருங்கிய உறவுடைய மற்றொரு வகை அம்மாநிலத்தின் வேறு பகுதிகளில் உண்டு. மூல வகை இவ்விரு ஊர்களின் சுற்றுப்புறத்தில் மட்டுமே காணப்படுகிறது.

செடியின் உயரம் சுமார் ஓர் அங்குலம். அதன் வெண்முட்கள் குத்துவதற்கென்று அமைந்தவையாகத் தோன்றா. தக்கைபோல் மென்மையாக, சிலுவை வடிவில் விரிந்திருக்கும். வசந்த காலத்தில் இளமஞ்சள் நிறப் பூக்கள் மலரும். மழை பெய்தால் தண்டு நீரை உறிஞ்சிப் பருக்கும். வறட்சி வந்தால் சுருங்கி, மண்ணுக்குள்ளேயே இறங்கிக் கற்களுக்கிடையில் மறைந்துவிடும். பகலில் நீர் வீணாகாதபடி, இலைத்துளை போன்ற நுண்துளைகளை இரவில் மட்டுமே திறந்து காற்றை ஏற்கும். நல்ல ஆண்டில் சேமநிதி ஒதுக்கி, கெட்ட ஆண்டில் செலவைச் சுருக்கும் சங்கத்தின் நடைமுறையும் இதுவே அன்றோ!

பருத்தியின் தொடர்பைக் கூறுவோம். ராபர்ட் பீபிள்ஸ் என்பவர் அதே அரிசோனாவின் தென்பகுதியில், சாக்கட்டன் அரசாங்கப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் பணியாற்றியவர். மிக நீண்ட இழையுடைய பீமா பருத்தி அப்பண்ணையில் வளர்ந்தது. அங்கு வாழும் பீமா மக்களின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நம் கோயம்புத்தூரில் 1974-இல் உருவான சுவின் பருத்தியும் அதே இனத்தைச் சேர்ந்ததாகும். பீபிள்ஸ் பருத்தி வேலையோடு செடிகொடிகளையும் திரட்டி ஆராய்ந்தார். பருத்தி ஆராய்ச்சியாளரான தாமஸ் கெர்னியுடன் சேர்ந்து எழுதிய அரிசோனாத் தாவர நூல் 1951-இல் வெளிவந்தது. 1943-இல் இக்கள்ளியைப் பதிவு செய்த லியோன் குரோய்சா என்னும் தாவரவியலார், பீபிள்ஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

வறட்சியை வென்ற இச்செடிக்கு மனிதனால் இடர் நேர்ந்தது. சாலைக்கும் கட்டிடத்திற்கும் கூழாங்கல் வேண்டியிருந்தது. கல் இருக்கும் மேடுகளோ கள்ளியின் வீடு. வண்டிகள் மேடுகளின் மீது ஓடின. அழகுக்காகத் தோண்டிச் சென்றவர்களும் உண்டு. ஆனால் நீர் சற்று மிகுந்தாலும் வேர் அழுகிவிடும் செடி இது. எனவே 1979-இல் அமெரிக்க அரசாங்கம் மூல வகையை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அருகிய உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் இக்கள்ளியை முதற் பட்டியலில் வைத்துக் காக்கிறது.

ஆயினும் செடியைக் காத்து மேட்டைக் கைவிட்டால் பயனில்லை. வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காப்பதும், சுருங்கிய செடியை மறைப்பதும் அக்கற்களே. முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு வட்டியை எதிர்பார்ப்பது கணக்காகாது என்பதைச் சங்கக் கணக்கு அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இக்கள்ளிக்கு முதல், அந்தக் கூழாங்கல் மேடுதான்.