எண்ணெய்ச் சட்டி இன்றி விரைவில் டோனட்

மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் தின்பண்டங்களுள் டோனட்டும் ஒன்று. எண்ணெயில் பொரித்த டோனட்டில், அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாகும். பொரித்து மீந்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவது உடல்நலத்திற்கு ஏற்றதன்று. வீட்டில் ஏர் பிரையர் இருப்பின், இரண்டு மூன்று கரண்டி நெய்யைக் கொண்டே டோனட் தயாரிக்கலாம்.

இக்கருவியின் மேற்பகுதியில் வெப்பக் கம்பியும் விசிறியும் உள்ளன. சூடான காற்று துளையுள்ள கூடையைச் சுற்றி வேகமாகச் சுழன்று, மாவின் மேற்பரப்பை உலர்த்திச் சிவக்க வைக்கிறது. நடுவிலுள்ள துளையால் உட்பகுதியும் ஒரே சீராக வேகிறது.

தேவையான பொருட்கள் (8 டோனட்டுகளுக்கு)

மைதா 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, உருக்கிய நெய் 2 மேசைக்கரண்டி, நீர் வடித்த கெட்டித் தயிர் 200 கிராம், ஏலப்பொடி சிறிதளவு.

செய்முறை

1. சுமார் 400 கிராம் தயிரைத் துணியில் கட்டி, இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடிக்கவும்.

2. உலர்ந்த பொருட்களைச் சலித்துக் கலந்து, தயிரையும் பாதி நெய்யையும் சேர்க்கவும். மாவு ஒன்று சேரும் வரை மட்டும் பிசையவும். அதிகம் பிசைந்தால் டோனட் கடினமாகும். மாவு உதிர்ந்தால் வடித்த தயிர் நீரில் ஒரு கரண்டி தெளிக்கவும்.

3. அரை அங்குலக் கனத்திற்குத் தட்டி, மூன்று அங்குல விட்டமுள்ள டம்ளரால் வெட்டவும். நடுவில் சிறிய மூடியால் துளையிடவும்.

4. கருவியை 175 டிகிரி சென்டிகிரேடில் மூன்று நிமிடம் சூடாக்கி, மீதி நெய்யில் சிறிது கூடையில் தடவி, நான்கு டோனட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கவும். நான்கு நிமிடம் கழித்துத் திருப்பி, மேலும் மூன்று அல்லது நான்கு நிமிடம் வேகவிடவும்.

5. சூட்டோடு எஞ்சிய நெய்யைத் தடவி, சர்க்கரைப் பொடியில் புரட்டவும்.

கவனிக்க வேண்டியவை

தயிரின் புளிப்பும் ஈரமும் பட்டவுடன் பேக்கிங் பவுடரிலிருந்து வாயு வெளியாகத் தொடங்கும். எனவே பிசைந்த மாவை நெடுநேரம் வைக்கக் கூடாது.

கேழ்வரகு மாவு சேர்க்க விரும்புவோர், மொத்த மாவில் கால் பங்கிற்கு மேல் சேர்க்க வேண்டாம். கேழ்வரகில் பசைப் புரதம் இல்லாததால் டோனட் உடைந்துவிடும்.

மாலையில் பம்புசெட்டுகள் ஓடும்போது சில ஊர்களில் மின் அழுத்தம் குறைவதுண்டு. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், கம்பி தரும் வெப்பம் சுமார் 60 சதவீதமாகிவிடும். அப்போது நிமிடக் கணக்கை நம்பாமல், ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கவும். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

1400 வாட் கருவி ஆறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். ஆதலால் விளக்குக்குரிய சிறிய பிளக்கில் இணைக்காமல், நில இணைப்புள்ள பெரிய பிளக்கில் மட்டுமே இணைக்கவும். கூடையில் பட்டர் பேப்பரை மட்டும் வைத்து இயக்கக் கூடாது. அது பறந்து வெப்பக் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

எண்ணெய் குறைந்தாலும் மைதாவும் சர்க்கரையும் இருப்பதால் இதை அன்றாட உணவாகக் கொள்ளலாகாது. ஈஸ்ட் சேராத இவ்வகை டோனட் மறுநாள் இறுகிவிடும். அன்றன்றே உண்பது நல்லது. இதற்கென்றே கருவி வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்திருப்போர், வீட்டில் மிஞ்சும் தயிரை இவ்வாறு பயன்படுத்தி, எண்ணெய்ச் செலவைக் குறைத்துப் பயன் பெறலாம்.