கெண்டை மீனுக்கு இரை இடுவது எப்படி? தூண்டில் போட்டி தரும் பாடம்

தீவனம் போட்டு கெண்டை மீன் வளர்ப்பவர்களுக்குச் செலவில் பெரும்பகுதி அந்தத் தீவனத்துக்கே போகிறது. போடும் தீவனத்தில் எவ்வளவு மீனின் வாய்க்குள் போகிறது, எவ்வளவு சேற்றில் அழுகுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. ஆனால் இதே கணக்கை மணிக்கு மணி போட்டுப் பார்க்கும் ஒரு கூட்டம் உண்டு. இங்கிலாந்தின் கெண்டை ஏரிகளில் தூண்டில் போட்டிக்கு உட்காருபவர்கள்தாம் அவர்கள். சானமாவு, சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களும், பண்ணைக் குட்டையில் மீன் விட்டிருப்பவர்களும் அவர்களுடைய முறையைத் தெரிந்துகொள்வது வீண் போகாது.

போட்டி நடக்கும் விதம்

காலையில் ஏரிக்கரையில் எல்லோரும் கூடிச் சீட்டு எடுப்பார்கள். கரை நெடுக முளை அடித்து எண் இட்டிருக்கும். சீட்டில் வந்த எண்தான் அன்றைய இடம். கடைக்கோடி முளை கிடைத்தவருக்கு ஒரு பக்கம் போட்டிக்கு ஆள் இல்லை என்பதால் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஊதல் ஒலித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூண்டில் போட வேண்டும். ஐந்து அல்லது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதல் ஒலிக்கும். அதுவரை பிடித்த மீன்கள் தண்ணீரிலேயே தொங்கும் நீண்ட வலைப் பையில் உயிருடன் இருக்கும். பிறகு தராசில் எடை போட்டு, மீன்களை ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். எண்ணிக்கை முக்கியமல்ல, மொத்த எடையே வெற்றியைத் தீர்மானிக்கும்.

மீனின் வாய் கிழியக்கூடாது என்பதற்காக, நுனியில் பின்னோக்கி நீட்டிய சிறு பல் இல்லாத தூண்டில் முள்ளைத்தான் இத்தகைய ஏரிகளில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஒரு வலைப் பையில் இத்தனை எடைக்கு மேல் மீன் போடக்கூடாது என்ற விதியும் உண்டு. பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் திரும்ப விடுவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த ஏரிக்காரருக்கு வருமானம் மீனை விற்பதில் இல்லை, கரையில் இடம் விற்பதில்தான் இருக்கிறது. 1994ல் தொடங்கிய 'ஃபிஷ்-ஓ-மேனியா' என்ற போட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் அளவுக்குப் பெயர் பெற்றது.

அடுத்தடுத்த முளையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே தண்ணீர், அதே தூண்டில், அதே இரை. ஒருவருடைய வலை கனக்கிறது. மற்றவருடையது காலியாக இருக்கிறது. இடத்தின் ராசி ஒரு காரணம் என்றாலும், பல சமயம் காரணம் இரை வீசும் விதத்திலேயே இருக்கிறது. தொடக்கத்திலேயே கூடை இரையைக் கொட்டியவரிடம் மீன் வரும். ஆனால் நூறு உருண்டைகளுக்கு நடுவே அவருடைய முள்ளில் இருப்பது ஒன்றுதான். வயிறு நிறைந்த மீன் அதைத் தேடாது. கைதேர்ந்தவர் ஐந்தாறு சிறு குச்சித் தீவனங்களை மட்டும் வீசுவார். சில நிமிடம் பொறுத்து மறுபடியும் ஐந்தாறு. தீவனம் தண்ணீரில் விழும் சத்தமே மீனை அழைக்கும். மீன் பசியோடும் தேடலோடும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கெண்டைக்கு இரைப்பை இல்லை

இதற்கு மீனின் உடலமைப்பே காரணம். சாதாக் கெண்டை, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய எதற்கும் நம்மைப் போல உணவைச் சேர்த்து வைக்கும் இரைப்பை கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்த உணவு நேராக நீண்ட குடலுக்குள் போய்விடும். மாடு போல ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் பிறகு அசைபோட அதனால் முடியாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதே அதன் இயல்பு. காலையில் ஒரு மூட்டைத் தவிட்டைக் கரையில் நின்று கொட்டிவிட்டுப் போனால், மீன் தின்றது போக மிச்சமெல்லாம் அடியில் தங்கும்.

அப்படித் தங்கிய தீவனம் அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதைச் செலவழிக்கும். எனவே விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மாலையில் நன்றாக இருந்த குளம் காலையில் மிதக்கும் மீனாகக் காட்சி தருவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு வருட உழைப்பும் குத்தகைப் பணமும் ஒரே இரவில் போய்விடும். கடும் வெயில் காலத்தில் இங்கிலாந்து ஏரிக்காரர்கள் வலைப் பையைத் தடை செய்வதும், போட்டி நேரத்தைக் குறைப்பதும் இந்தப் பிராணவாயுக் குறைவுக்குப் பயந்துதான்.

எவ்வளவு, எப்படி?

ஒரு குட்டையில் 1,000 மீன்கள், ஒவ்வொன்றும் சராசரி 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை 200 கிலோ. அதில் 3 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 6 கிலோ தீவனம். சிறு குஞ்சுகளுக்கு 5 சதவீதம் வரை கொடுக்கலாம். மீன் பெருக்கப் பெருக்க 2 சதவீதமாகக் குறைக்கலாம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் கலந்து பிசைந்த தீவனமே போதும். மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடை பார்த்து அளவைத் திருத்தவேண்டும்.

இந்த 6 கிலோவையும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரிக்கவேண்டும். ஆந்திரத்து மீன் வளர்ப்போர் கையாளும் பை முறை இதற்கு வசதியானது. அடியில் சிறு துளைகள் இட்ட பையில் தீவனத்தைப் போட்டு, குட்டையில் நட்ட மூங்கிலில் தண்ணீருக்குள் அமிழும்படி கட்டவேண்டும். மீன் வந்து வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். தூண்டில்காரர் கையால் செய்யும் வேலையை இங்கே பை செய்கிறது. மாலையில் பையில் மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறைப்பது நல்லது. வெயில் ஏறிய பிறகு, காலை எட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கலாம், விடியற்காலையில் வேண்டாம்.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் குளிர்ந்துவிடும். அப்போது கட்லாவும் ரோகுவும் இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். சாதாக் கெண்டை ஓரளவு தாங்கும். 1939ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அல்லவா! எதுவானாலும் குளிர் நாட்களில் தீவனத்தைக் குறைப்பதே சரி.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய செய்திகளைப் பல முறை படித்திருக்கிறோம். பெங்களூரு நகரக் கழிவு தென்பெண்ணையில் கலந்து வருவதன் விளைவு அது. அத்தகைய தண்ணீர் பாயும் குட்டையில் ஏற்கனவே சத்து மிகுந்திருக்கும். அங்கே சாணமும் தீவனமும் மேலும் கொட்டுவது ஆபத்து.

விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்குத் தீவனத்தையும் எருவையும் உடனே நிறுத்தவேண்டும். புதுத் தண்ணீர் பாய்ச்சலாம். பம்ப் செட்டினால் குட்டைத் தண்ணீரையே இறைத்துத் திரும்ப அதிலேயே விழச் செய்யலாம். ஒன்றும் இல்லையென்றால் மூங்கிலால் தண்ணீரை அடித்துக் கலக்கவேண்டும். ராகி அறுவடைப் பருவத்தில் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் தங்கியிருக்கும் நாட்களில் மட்டும், இருட்டில் தனியாக ஏரிக்கரைக்குப் போகாமல் நன்றாக வெளிச்சம் வந்தபின் போகவும். மீன் வளர்ப்புப் பற்றிய மற்ற விவரங்களை பாரூரில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் கேட்டு அறியலாம்.