அந்த ஒரு மரம்

1987ஆம் ஆண்டு. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், லுண்டு பகுதிக் காட்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகத் தாவரவியலாளர்கள் இலை, காய், சுள்ளி என்று மாதிரிகள் சேகரித்தார்கள். அவற்றில் ஒன்று பிந்தாங்கோர் மரத்தினுடையது. கலோஃபில்லம் லானிஜெரம் என்பது அதன் அறிவியல் பெயர். சோதனைக்கூடத்தில் அந்த மாதிரியின் சாறு எச்ஐவி கிருமியைப் பெருகவிடாமல் தடுத்தது.

மேலும் மாதிரி எடுக்கத் திரும்பிச் சென்றபோது மரம் அங்கே இல்லை, யாரோ வெட்டியிருந்தார்கள். அதே இனத்தின் வேறு மரங்களைச் சோதித்தபோது, கிருமியைத் தடுத்த பொருள் மிகக் குறைவாகவே கிடைத்தது. ஒரே இனமானாலும் பரம்பரை, மண், பருவம் ஆகியவற்றுக்கேற்ப மரத்துக்கு மரம் வேதியியல் மாறும்.

1992இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பொருளின் பெயர் கலனோலைடு ஏ. எச்ஐவி தன் ஆர்என்ஏ மரபுக் குறிப்பை டிஎன்ஏவாக மாற்றித்தான் நம் உயிரணுக்களுக்குள் குடியேறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியில் இது ஒட்டிக்கொண்டு வேலையை முடக்குகிறது.

நெருங்கிய உறவான கலோஃபில்லம் டெய்ஸ்மானியின் பாலில் கோஸ்டடோலைடு என்ற சகோதரப் பொருள் கிடைத்தது. வீரியம் குறைவு, ஆனால் மரத்தைச் சாய்க்க வேண்டாம், பட்டையைக் கீறிப் பாலெடுத்தால் போதும். மலேசியாவின் மேரு, காப்பார் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே அமெரிக்காவின் மெடிகெம் நிறுவனம் கலனோலைடைச் செயற்கையாகவே தயாரித்தது. 1996இல் சரவாக் அரசுடன் கூட்டு நிறுவனம் உருவாகி, மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைகளும் நடந்தன. அதே ஆண்டு நெவிரபின், 1998இல் எஃபவிரன்ஸ் என்று அதே நொதியைக் குறிவைக்கும் மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கலனோலைடு சோதனைக் கட்டத்திலேயே பின்தங்கியது.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையும் இதே கலோஃபில்லம் குடும்பம்தான். மலேசியப் புன்னையிலிருந்து பிரித்த இனோஃபில்லம் சேர்மங்களும் இதே நொதியைத் தடுப்பதாக 1993இல் ஆய்வு வெளியானது. அதற்காகப் புன்னை எண்ணெயை எச்ஐவிக்கு மருந்தாக்கிவிட முடியாது. சோதனைக்கூட வெற்றிக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவே நச்சுத்தன்மை, அளவு, பக்கவிளைவு என்று பல வாசல்கள் உண்டு.

சரவாக் 1997இல் பல்லுயிர் மையச் சட்டம் இயற்றி, காட்டு வளங்களை ஆய்வுக்கு எடுப்பதை ஒழுங்குபடுத்தியது. லுண்டு தரும் பாடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஓர் இனம் அழியவில்லை என்பதாலேயே அதன் மருந்தும் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.