ஒரே மாவட்டம், இரண்டு பட்டியல்

செங்கோட்டை வட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வண்ணார் குடும்பத்துப் பிள்ளைக்கு எஸ்.சி. என்று சாதிச் சான்றிதழ் கிடைக்கும். அங்கிருந்து கிழக்கே வந்து, சங்கரன்கோவிலைத் தாண்டித் திருவேங்கடத்தில் இறங்குங்கள். இந்தக் கரிசல் காட்டு வண்ணார் பிள்ளைக்குக் கிடைப்பது எம்.பி.சி. சான்றிதழ். இரண்டு ஊரும் தென்காசி மாவட்டம்தான். முன்னோர் செய்த தொழில் ஒன்று, ஊருக்குள் அவர்கள் பட்ட பாடும் ஏறக்குறைய ஒன்று. தாசில்தார் அலுவலகத்தில் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பட்டியலிலேயே அப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு எஸ்.சி. பட்டியலில் வண்ணான் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி உண்டு: கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டமும் மட்டும்.

காரணம் பழைய எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம் மாநிலத்தில் இல்லை. திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அங்கே தீண்டாமையின் பிடி வேறு மாதிரி. தொட்டால் மட்டுமல்ல, இத்தனை அடி தூரத்துக்குள் வந்தாலே தீட்டு என்று அளந்து வைத்திருந்த நாடு அது. அதனால் அங்கே தாழ்த்தப்பட்டவர் பட்டியலும் வேறாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆட்களோடு அவர்களுடைய பட்டியலும் வந்தது. 1976-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஒரு மாநிலத்துக்குள்ளேயே இருந்த இப்படிப்பட்ட வட்டாரக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. இந்த அடைப்புக்குறி அப்போதும் தப்பிவிட்டது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. பட்டியல் அதைக் கண்டுகொள்ளவில்லை. செங்கோட்டையை இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே சொல்கிறது.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். செங்கோட்டைக் குடும்பம் பிழைப்புக்காகத் திருவேங்கடத்தில் வந்து குடியிருந்தால் என்ன ஆகும்? இன்றைய வாடகை வீட்டின் விலாசம் கணக்கில் வராது. குடியரசுத் தலைவரின் ஆணை வந்த நாளில் தகப்பன் அல்லது பாட்டன் எங்கே நிலையாகக் குடியிருந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். எஸ்.சி. ஆணையின் தேதி 1950 ஆகஸ்ட் 10, எஸ்.டி. ஆணையின் தேதி அதே ஆண்டு செப்டம்பர் 6. பழைய பத்திரமும் பாட்டனாரின் பள்ளிச் சான்றும் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

யார் இந்தப் பட்டியலைத் திருத்தலாம்? எஸ்.சி. பட்டியலுக்கு அரசியல் சட்டத்தின் 341-ஆவது பிரிவு, எஸ்.டி. பட்டியலுக்கு 342. முதலில் குடியரசுத் தலைவர் அறிவிப்பார். அறிவித்த பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். மாநில அரசால் முடியாது, நீதிமன்றத்தாலும் முடியாது. இன்ன பெயருக்குள் இன்ன சாதியும் அடங்கும் என்று விசாரித்துச் சேர்த்துச் சொல்லவும் கூடாது, பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும் என்று 2000-இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.சி., எம்.பி.சி. பட்டியல்களை மாநில அரசே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்.சி.க்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி.க்கு 1.

பேச்சு எப்போதும் படிப்பு, வேலை, சதவீதம் என்றே போய்விடுகிறது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய வித்தியாசம் காவல் நிலையத்தில்தான் தெரியும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி.யாக இருந்தால் மட்டுமே பாயும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று காரணம் சொல்லி, பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குப் பெட்டிக்கடையில் மிட்டாய் கொடுக்க மறுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. போலீசார் வழக்குப் பதிந்து கைது செய்ததோடு நிற்காமல், அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் சில மாதம் ஊருக்குள்ளேயே வரக் கூடாது என்றும் நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். இதே அவமானம் செங்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு வண்ணார் குழந்தைக்கு நடந்தால் இந்தச் சட்டம் உண்டு. திருவேங்கடத்து வண்ணார் குழந்தைக்கு நடந்தால் இல்லை.

இது ஊர் போட்ட பூட்டு என்றால், மதம் போட்ட பூட்டு ஒன்றும் இருக்கிறது.

1950 எஸ்.சி. ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தில் இல்லாதவர் எஸ்.சி. ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அம்பேத்கரோடு 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியவர்கள், மத்திய அரசின் கணக்கில் 34 ஆண்டுகள் வெளியே நின்றார்கள் என்று பொருள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான்.

நம் மாவட்டத்தில் இதற்கு நாடறிந்த சாட்சி உண்டு. 1981 பிப்ரவரி 19-இல் செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தேவேந்திரகுலக் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. டெல்லியிலிருந்து தலைவர்கள் படையெடுத்து வந்தார்கள். வாஜ்பாயியும் வந்து போனார். வளைகுடாப் பணம் என்று பத்திரிகைகள் எழுதின. ஊர்க்காரர்கள் சொன்ன காரணம் சாதிக் கொடுமை. மாறியவர்கள் அந்த நாளோடு எஸ்.சி. என்ற தகுதியை இழந்தார்கள். சலுகைக்காக மதம் மாறுகிறார்கள் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள், இங்கே இருந்த சலுகையையும் விட்டுவிட்டு அல்லவா போனார்கள் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு, மாறியது எந்தத் தலைமுறையாக இருந்தாலும், பி.சி. சான்றிதழ் உண்டு. முஸ்லிமாக மாறியவர்கள் நெடுநாள் எதிலும் சேராமல் பொதுப்பிரிவில் கிடந்தார்கள். 2024 மார்ச்சில்தான் அவர்களைப் பி.சி. முஸ்லிமாகக் கருதலாம் என்று மாநில அரசு ஆணை போட்டது. ஆனால் பி.சி. ஆனவருக்கு வன்கொடுமைச் சட்டம் இல்லை. தனித்தொகுதியில் போட்டியிடவும் முடியாது.

இந்து மதத்தில்தான் தீண்டாமை, அதைவிட்டுப் போனவருக்குத் தீண்டாமையும் போய்விடும் என்பது ஆணையின் அடியில் உள்ள எண்ணம். திருநெல்வேலிச் சீமையில் இதை யாரும் நம்ப மாட்டார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம் என்று நடுவில் தடுப்பு இருந்தது. 1910-இல் அதை இடித்தபோது வழக்கே நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, தேர் வராத தெரு என்ற பேச்சு இன்றைக்கும் எங்காவது ஒரு பங்கிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார். சாதி தொடர்கிறது என்றால் போதாது, புதிய மதத்திலும் கொடுமை அதே அளவுக்குக் கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி 1985-இல் அனுப்பிவிட்டார்கள். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், எஸ்.சி. தகுதிக்கு மதம் ஒரு தடையாக இருக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள்.

திரும்பி வரலாமா என்றால், வரலாம். 2015-இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று கேட்டது: பூர்வீகச் சாதி இன்னது என்பதற்குச் சான்று, தாய்மதம் திரும்பியதற்குச் சான்று, அந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. மூன்றாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். சாதிக் கொடுமைக்கு மருந்தாக வந்த ஏற்பாடு, சாதிச் சங்கத்தின் கடிதத்துக்குக் கை நீட்டுகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன செல்வராணி வழக்கில் கெடுபிடி இன்னும் கூடியது. தேவாலயத்துக்குப் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது தீர்ப்பு.

எஸ்.டி. பட்டியலுக்கு வந்தால் மதப் பூட்டு இல்லை. 1950 செப்டம்பர் ஆணையில் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணையில் இருக்கும் பளியரோ, பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மயிலாறு பக்கம் இருக்கும் காணிக்காரரோ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எஸ்.டி.தான். மதம் மாறியதாலேயே தகுதி போய்விடாது என்று 2004-இல் சந்திரமோகனன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பழைய வழக்கமும் பழைய துன்பமும் தொடர்கிறதா என்று மட்டும் விசாரிக்கலாம் என்றது. பழங்குடி என்பது மதத்துக்கு முந்தைய அடையாளம், குலமும் மலையும் வழக்கமும் சேர்ந்தது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. அதனால்தான் இந்து வாரிசுரிமைச் சட்டமும் எஸ்.டி. மக்களுக்குத் தானாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. சொத்துப் பங்கீடு அவரவர் குல வழக்கப்படி. அந்த வழக்கம் பெண்ணுக்குப் பங்கு தராத இடங்களில் பெண்கள் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.

ஆனால் ஊர்ப் பூட்டு இங்கேயும் உண்டு. காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்திலும் அதே மாதிரி அடைப்புக்குறி: கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம். இதில் அம்பாசமுத்திரம் பிற்பாடு சேர்த்தது.

எது பழங்குடி என்பதற்கு 1965-இல் லோக்கூர் குழு ஐந்து அடையாளம் சொன்னது: பழமையான வாழ்க்கைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. அதிகாரிகள் மனசில் இன்னும் அந்தப் படம்தான்: மலை, தேன், குகை. பட்டியலில் இருந்தும் இந்தப் படத்தால் அதிகம் அல்லல்படுகிறவர்கள் கணியான்கள். காணிக்காரரையும் இவர்களையும் பெயர் பார்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் வேறு மக்கள். மலையில் இல்லை, நம் சமவெளி ஊர்களிலேயே சிதறி இருக்கிறார்கள்.

இவர்களை அறிய ஒரு சுடலைமாடன் கோவில் கொடைக்குப் போக வேண்டும். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுட வாத்தியம். அண்ணாவி கதை பாடுவார். பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் சலங்கை கட்டி ஆடுவார்கள். சாமக்கொடையில் சாமியாடி ரத்தம் கேட்கும்போது கணியான் தன் கையைக் கீறிக் கொடுப்பார். அவர் கை ரத்தம் விழாமல் அந்தக் கொடை நிறையாது. அதே கொடையில் சாமிக்கு மாத்துத் துணி விரிப்பதும் பந்தம் கட்டிக் கொடுப்பதும் வண்ணார். கோவில் வரிக்காரர்கள் வேறொரு சாதி. நேர்ச்சைக்குக் கிடாயோடு வருகிறவர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரே ராத்திரி, ஒரே பந்தல். இங்கே சாதி எங்கே முடிகிறது, மதம் எங்கே தொடங்குகிறது, பழங்குடி வழக்கம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எந்த ஆராய்ச்சியாளரும் திணறிப்போவார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டும் பிரித்தே ஆக வேண்டும்.

அங்கே ஒரு நடைமுறை விஷயம். எஸ்.சி., பி.சி., எம்.பி.சி. சான்றிதழ்களுக்குத் திருவேங்கடம் வட்ட அலுவலகம் போதும். எஸ்.டி. என்றால் சங்கரன்கோவில் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். 1989 நவம்பர் 11 வரை தாசில்தார் கொடுத்த எஸ்.டி. சான்றிதழ் செல்லும், அதற்குப் பிறகு தாசில்தார் கையெழுத்து செல்லாது. பெயர் ஒற்றுமையை வைத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்களால் இந்தக் கெடுபிடி வந்தது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்குக்குப் பிறகு, சந்தேகம் வந்தால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு விசாரிக்கிறது. மானுடவியல் தெரிந்தவர்கள் வந்து குலதெய்வம் எது, சாவுச் சடங்கு என்ன, யாரோடு பெண் கொடுத்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். விண்ணப்பிக்கும் குடும்பங்கள், ரத்த உறவில் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர் யாராவது இருந்தால் அதன் நகலையும், அப்பா அல்லது தாத்தாவின் பள்ளிப் பதிவையும் முதலிலேயே இணைத்துக் கொடுப்பது நல்லது. பிள்ளை பிளஸ் டூ முடித்து, கல்லூரி விண்ணப்பம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.