கொழுப்பும் கொதிக்கும் வெள்ளை அணுக்களும்

1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் படிவுகள் தோன்றின. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கே கொழுப்போடு, கொழுப்புத் துளிகளால் உப்பிப்போன செல்களும் இருந்தன. அந்தச் செல்கள் வெள்ளை அணுக்களின் வம்சம் என்பது பின்னர் உறுதியானது.

'குழாயில் கொழுப்பு அடைச்சிருச்சு' என்றுதான் இன்றும் பேசுகிறோம். அது பாதி உண்மைதான்.

ரத்தத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கூடும்போது, அது தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. அதை அப்புறப்படுத்த மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் வந்து, மேக்ரோஃபேஜ்களாக மாறி விழுங்கத் தொடங்குகின்றன. மற்ற செல்கள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் எல்.டி.எல்.லை உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மேக்ரோஃபேஜோ வேறு ஏற்பிகள் வழியே, போதும் என்பதே இல்லாமல் விழுங்குகிறது. உள்ளே கொலஸ்ட்ரால் கூரிய படிகங்களாக உறைகிறது. படிகம் குத்தியதும் செல்லின் அபாய உணர்வி விழித்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் வெளியேறுகிறது. செல் சர்க்கரையை எரிக்கும் வேகமும் கூடுகிறது.

அதைவிடக் கவலை தருவது, இந்த அணுக்களின் நினைவு. 2018-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தினர் கொலஸ்ட்ரால் நோய்க்கு ஆளாகக்கூடிய எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு கொடுத்தார்கள். பழைய உணவுக்குத் திரும்பியதும் ரத்தத்தில் அழற்சி அடங்கியது. ஆனால் எலும்பு மஜ்ஜையின் முன்னோடி செல்கள் பழையபடி மாறவில்லை. சிறு தூண்டலுக்கும் மிகையாகச் சீறின.

அப்படியானால் அழற்சியை மட்டும் அடக்கினால்? மாரடைப்பு கண்ட பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற கேன்டோஸ் ஆய்வு 2017-இல் விடை சொன்னது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, கொலஸ்ட்ரால் குறையாமலே, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணங்கள் மொத்தத்தில் சுமார் 15 சதவீதம் குறைந்தன. தொற்றால் இறந்தவர்கள் மட்டும் சற்றே கூடினார்கள்.

இப்போது அழற்சியை அடக்கும் வேலைக்குக் கொல்கிசின் மாத்திரை வந்திருக்கிறது; அமெரிக்கா 2023-இல் இதற்கு அனுமதி தந்தது. அந்த மருந்துப்பொருள் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிகள் அதற்காகவே பயிரிடுகிறார்கள். அதே செடியின் கிழங்கு உயிரைப் பறிக்கும் விஷம். கைவைத்தியம் என்று தொடவே கூடாது.

அழற்சிக்கு மருந்து வந்தாலும், அதைத் தூண்டிவிடுவது கொலஸ்ட்ரால்தான். ஆனால் 'ரிப்போர்ட் நார்மல்' என்றதும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நம்மில் ஏராளம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.