தன் கடிவாளத்தைத் தானே செய்யும் அணு

ஊரிலிருந்து வரும் உறவினரைப் பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காத்திருந்த அனுபவம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. அங்கு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை அன்பர்கள் அறிதல் நலம். அதற்குமுன், நம் இரத்தத்தில் உலவும் டி அணு என்னும் வெள்ளணுவைச் சிறிது அறிய வேண்டும்.

இவ்வணு உடலின் காவற்காரன். தன் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் நுண்ணிய புரதங்களைத் தாங்கி, அவற்றால் பகையைத் தொட்டு உணர்கிறது. இவை என்றும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. அமைதியாகத் திரியும் அணுவின்மேல் பி.டி.1 என்னும் ஏற்பி அரிதாகவே காணப்படும். பகையைக் கண்டு கிளர்ந்ததும் அதற்குரிய மரபணு விழித்தெழ, அவ்வேற்பி மேற்பரப்பில் தோன்றுகிறது. வியப்பு யாதெனில், அது போரைத் தூண்டுவதன்று, அடக்குவது! பகை ஒழிந்தால் அதன் உற்பத்தியும் தணியும். பகை நீங்காது நெடுநாள் நின்றாலோ உற்பத்தி ஓயாது, அணு சோர்ந்துவிடும்.

இம்மரபணுவை 1992-இல் ஜப்பானியர் தசுக்கு ஹோஞ்சோவின் குழுவினர் கண்டனர். இது நீக்கப்பட்ட எலிகளுள் சிலவகையில், வயது ஏறியபோது காவலணுக்கள் சொந்த உடலையே தாக்கின. கடிவாளம் வீணுக்கு அமைந்ததன்று. ஹோஞ்சோ 2018-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புற்றுநோய் அணுக்கள் பல இக்கடிவாளத்தைப் பற்றி இழுத்தே தப்புகின்றன. நிவோலுமாப் என்னும் மருந்து ஏற்பியை மூடி அப்பிடியை விடுவிக்கிறது. ஆனால் அதன் விலை எளியோர்க்கு எட்டாதது. ஓர் அணுவின்மேலுள்ள ஏற்பிகளுக்கோ எல்லை உண்டு. அவை நிறைந்தபின் மேலும் மருந்து செலுத்துவதால் என்ன பயன்?

டாட்டா மருத்துவர்கள் வாய், தொண்டை முதலிய பகுதிகளில் முற்றிய புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் இதைச் சோதித்தனர். ஒரு பிரிவினர்க்கு மாத்திரைகள் மட்டும். மற்றவர்க்கு அவற்றுடன் மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம்! 2022-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினாறு பேர். மற்றதில் நாற்பத்து மூவர். முழு அளவுடன் இது அங்கே ஒப்பிடப்படவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

கடிவாளம் தளர்ந்த காவலணுக்கள் குடலையும் தைராய்டுச் சுரப்பியையும் தாக்குவதுண்டு. ஆகவே இம்மருந்து பெறுவோர் வயிற்றுப்போக்கையோ மிகுந்த களைப்பையோ சிறிதென்று கருதி வீட்டில் வைத்துக்கொள்ளாமல், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.